பிழை போறவையோடை போகட்டும்

எனக்கு இருபத்தொரு வயதாக இருந்தபோது, ஒரு மனிதரைப் பலபேர் முன்னால் தலைகுனிய வைக்கவேண்டும் என்று முடிவெடுத்தேன். முடிவெடுத்த நாளிலிருந்து அது நடந்து முடியப் பதினொரு நாட்கள் சென்றன. அந்தப் பதினொரு நாளும் நான் அவருக்கு மிக நல்ல பிள்ளையாக இருந்தேன். சொன்ன நேரத்துக்கு வந்தேன். சொன்னதை எழுதினேன். பத்து மணிக்குத் தேத்தண்ணீரைக் கொண்டுபோய் அவர் மேசையில் கடதாசிகளில் படாமல் ஓரமாக வைத்தேன். "நல்ல பழக்கம்" என்று ஒருநாள் பாராட்டினார். நான் சிரித்தேன்.

அது எண்பத்து நான்காம் ஆண்டு. பல்கலைக்கழகத்தில் தாவரவியல் இரண்டாம் வருடம் முடித்திருந்தேன். நீண்ட விடுமுறை வந்ததும் எங்கள் துறைத் தலைவர் மூன்று பேருக்குக் கடிதம் கொடுத்துப் பயிற்சிக்கு அனுப்பினார். மற்ற இருவரும் அரசாங்கப் பண்ணைக்குப் போனார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு கொழும்புக் கம்பனியின் யாழ்ப்பாணக் கிளை. பூச்சிமருந்தும் களைகொல்லியும் விற்கிற கம்பனி. எட்டுக் கிழமைப் பயிற்சி. முடிவில் ஒரு சான்றிதழ். உடுவிலிலிருந்து தினமும் சைக்கிளில் போய் வந்தேன். எங்கள் வீட்டில் கந்தோருக்குப் போன முதல் ஆள் நான்தான். அம்மா தன்னுடைய இரண்டு நல்ல சேலைகளை எனக்காக எடுத்துத் தந்தார்.

கந்தோர் ஒரு பழைய ஓட்டு வீடு. முன் அறையில் நான்கு மேசைகள், பின்னால் மருந்துப் பெட்டிகள் அடுக்கிய அறை. அந்த மருந்து மணம் தலைமயிரில் ஏறினால் மூன்று முறை முழுகினாலும் போகாது. கண்ணாடி வைத்த சின்ன அறையில் மனேஜர் இருந்தார். யன்னலோரம் தட்டச்சு செய்யும் அக்கா இருந்தார். மற்றவர்கள் விற்பனைக்காரர். அவர்கள் காலையில் வந்து முகம் காட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் போய்விடுவார்கள்.

மனேஜருக்கு நாற்பது வயதிருக்கும். யாழ்ப்பாண வெயிலிலும் நீளக் கைச் சட்டையும் கழுத்துப்பட்டியுமாக வருவார். கொழும்புத் தலைமையகத்தில் பதினைந்து வருடம் இருந்தவர். முந்திய வருடக் கலவரத்தில் அவருடைய வீட்டை எரித்துவிட்டார்கள். மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கப்பலில் வந்து இறங்கி, கொக்குவிலில் மனைவியின் தமையன் வீட்டில் ஓர் அறையில் இருந்தார். கம்பனி அவரை இந்தக் கிளைக்குப் பொறுப்பாகப் போட்டது. எங்களுக்கு யாழ்ப்பாணம் ஊர். அவருக்கு அது ஒரு தண்டனை. எப்படியாவது தலைமையகத்துக்குத் திரும்பிப் போகவேண்டும் என்ற நினைப்பிலேயே அவர் சாப்பிட்டார், கதைத்தார், கடிதம் எழுதினார். இதையெல்லாம் நான் அறிந்துதான் இருந்தேன். அறிந்ததால் என் கோபம் ஒரு துளிகூடக் குறையவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் கிழமை அவர் எனக்குச் சொன்னது ஒரே ஒரு விஷயம்.

"பிள்ளை, கம்பனியிலை எழுத்திலை இல்லாதது நடக்கேல்லை. எதையும் எழுதும். திகதி போடும். ஆர் சொன்னதோ அவரிட்டைக் கையெழுத்து வாங்கும். விளங்குதோ?"

"ஓம் சேர்" என்றேன். விளங்கித்தான் இருந்தது.

இரண்டாம் கிழமை கொழும்பிலிருந்து ஒரு புதிய களைகொல்லி வந்தது. வெங்காயம் நட்ட தறையில் அடித்தால் புல் மட்டும் சாகும், வெங்காயத்துக்கு ஒன்றும் ஆகாது என்று கூடவே வந்த கடதாசி சொன்னது. ஆறு தோட்டங்களில் அடித்துப் பார்த்து அறிக்கை அனுப்பவேண்டும். மனேஜர் என்னைக் கூப்பிட்டு, "உம்மடை ஊரிலை ஆரும் தறை தருவினமோ? நீர் கேட்டால் தருவினம்" என்றார்.

எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம் ஒரு மாமியுடையது. சொந்த மாமியல்ல, ஊர் முறையில் மாமி. கணவர் இறந்தபிறகு எட்டுப் பரப்புத் தோட்டத்தைத் தனியாகவே செய்துகொண்டிருந்தார். அந்த முறை அவர் நட்டிருந்த வெங்காயத்தில் இரண்டு பரப்பு அடுத்த போகத்து விதைக்கென்று ஒதுக்கியது; நல்ல கிழங்காகப் பொறுக்கி நட்டது. புல் பிடுங்க ஆட்கள் கிடைக்காமல் அவர் அல்லாடிக்கொண்டிருந்ததும் எனக்குத் தெரியும். போய்க் கேட்டேன்.

"புது மருந்து எண்டால் எனக்குப் பயமாக் கிடக்கு பிள்ளை."

"ஒண்டும் ஆகாது மாமி. நானே நிண்டு அளந்து கலந்து தாறன். புல்லுப் பிடுங்க ஆள் தேடித் திரியத் தேவையில்லை."

அவர் தறையை ஒருமுறை பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"சரி. நீ சொல்லுறாய் எண்டபடியால் தாறன்."

சோளகக் காற்று எழும்புவதற்கு முன்னால் அடிக்கவேண்டும் என்று விடியற்காலை ஆறு மணிக்கே போய்விட்டேன். கடதாசியில் இருந்த அளவைக் கண்ணாடிக் குழாயில் அளந்து, இரண்டாம் முறையும் சரிபார்த்து, தண்ணீரில் கலந்தேன். மாமியின் தோட்டத்தில் வேலை செய்யும் ஆள் தெளிகருவியை முதுகில் போட்டுக்கொண்டு அடித்தார். அளவையும் நேரத்தையும் என் கொப்பியில் எழுதினேன். மனேஜர் ஏழரைக்கு ஜீப்பில் வந்து, தறை ஓரத்தில் நின்று ஒரு படம் எடுத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் வெங்காயத் தாள்களின் நுனி வெளுத்தது. ஆறாம் நாள் கொதிநீர் ஊற்றியதுபோல் தாள்கள் சாய்ந்து கிடந்தன. பத்தாம் நாள் புல்லும் இல்லை, வெங்காயமும் இல்லை. மாமி தறை நடுவில் குந்தியிருந்து ஒரு கிழங்கைப் பிடுங்கி நகத்தால் கீறிப் பார்த்தார். உள்ளே பழுப்பாக இருந்தது.

நான் நான்கு பக்கத்தில் அறிக்கை எழுதினேன். எந்த நாள் என்ன கண்டேன், எவ்வளவு கலந்தேன், எந்த நேரம் அடித்தது எல்லாம் அதில் இருந்தது. இந்த மருந்து வெங்காயத்துக்கு ஆகாது என்று முடித்திருந்தேன். அக்கா அதைத் தட்டச்சில் அடித்தார். காபன் வைத்து மூன்று பிரதி. ஒன்று தலைமையகத்துக்கு, ஒன்று கோப்புக்கு. மூன்றாவதைத் தன் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். "கோப்பு காணாமல் போற கந்தோர் இது" என்று மெதுவாகச் சொன்னார். அது அவருடைய சொந்தப் பழக்கம், மனேஜருக்குத் தெரியாது. திறப்பை மேசையில் இருந்த பென்சில் டப்பாவுக்குள் போடுவார். என்னை நம்பித்தான் என் முன்னாலேயே போட்டார்.

மனேஜர் அறிக்கையை வாசித்தார். "வடிவாய் எழுதியிருக்கிறீர்" என்றார். இரண்டு பிரதியையும் தன் அறைக்குள் எடுத்துக்கொண்டு போனார்.

ஐந்து நாள் கழித்து, பின்னேரம் நான் வீட்டுக்கு வந்து சைக்கிளை நிறுத்தும்போது மாமி எங்கள் படலையடியில் நின்றார். உள்ளே வரவில்லை.

"என்ரை தறையை எரிச்சது நீயாம். உன்ரை மனேஜர் வந்து சொல்லிப்போட்டுப் போறார். ஓமோ?"

"இல்லை மாமி! நான் கடதாசியிலை கிடந்த அளவுதான் கலந்தனான்."

"நீ ரெட்டிப்பாய்க் கலந்து போட்டியாம். பழகிற பிள்ளை, பிழை வரும், கோவிக்காதையுங்கோ எண்டு எனக்கே புத்தி சொல்லுறார். படிச்ச மனிசன் பொய் சொல்லுவரோ?"

அவர் அழவில்லை, சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். ஐயா கிணற்றடியிலிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். மாமி போனபிறகு நான் கொப்பியை எடுத்துக்கொண்டு வந்து அவருக்குக் காட்டப் போனேன். அவர் அதைப் பார்க்கவில்லை.

"நீ பிழை விட்டனியோ இல்லையோ எண்டு நான் கேக்கேல்லை. அவ தறை தந்தது உன்ரை முகத்துக்கு" என்றார்.

அடுத்தநாள் காலை, விதைக்கென்று கூரையில் கட்டித் தூக்கியிருந்த எங்கள் வெங்காயப் பிடிகளில் பாதியை அவிழ்த்துத் தோளில் சுமந்துகொண்டு வேலியில் ஆள் நுழையும் பொட்டால் மாமி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன். ஐயா இரண்டு முறை நடந்தார். மாமி வாங்கி வைத்தார். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

அன்று கந்தோருக்குப் போனதும் கதவைத் தட்டாமலே மனேஜரின் அறைக்குள் போனேன்.

"சேர், நான் ரெட்டிப்பாய்க் கலந்தனான் எண்டு ஏன் சொன்னனீங்கள்?"

அவர் பேனையை மூடி வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கோபப்படவில்லை. கதிரையைக் காட்டினார், நான் இருக்கவில்லை. அவர் கோப்பைத் திறந்து ஒரு கடதாசியை என் பக்கம் திருப்பினார். என் அறிக்கைதான். ஆனால் ஒரு பக்கமாகச் சுருங்கியிருந்தது. மருந்து நல்ல பலன் தந்தது. ஓரிடத்தில் மட்டும் சேதம். அங்கே பயிற்சிக்கு வந்த மாணவி மேற்பார்வை இல்லாமல் கலவையைத் தயாரித்ததால் அளவு கூடியிருக்கலாம். இப்படி ஆங்கிலத்தில் இருந்தது. கீழே அவருடைய கையெழுத்து. கொழும்புக்குப் போனது இதுதான்; என் நான்கு பக்கம் கோப்பில் இல்லை.

"இது பொய் சேர்."

"பிள்ளை, வடிவாய்க் கேளும். இன்னும் மூண்டு கிழமையிலை நீர் போயிடுவீர். உமக்குப் படிப்பு இருக்கு, வயசு இருக்கு. நான் இஞ்சை இருந்துதான் மேலை போகவேணும். மருந்து நல்லது எண்டு அடிச்ச முதல் கிழமையே நான் கொழும்புக்கு அறிவிச்சாச்சு. பிழை போறவையோடை போகட்டும். உமக்கு நல்ல சான்றிதழ் ஒண்டு நான் எழுதித் தாறன்."

அவர் திரும்பவும் பேனையைத் திறந்து எழுதத் தொடங்கினார். நான் வெளியே வந்து என் மேசையில் இருந்தேன். அன்றைய கடிதங்களைத் திகதிப்படி அடுக்கினேன். அடுக்கி முடித்தபோது முடிவெடுத்திருந்தேன்.

அடுத்த இரண்டு நாளில் வாய்ப்புத் தானாக வந்தது. தலைமையகத்தின் தொழில்நுட்பப் பொறுப்பாளர் கொழும்பிலிருந்து வருகிறார் என்று தந்தி வந்தது. வயதான பறங்கியர் ஒருவர், ஒல்லாந்தர் வழியில் வந்த இலங்கையர். பயிரைப்பற்றி அவர் சொன்னால்தான் கம்பனியில் எதுவும் நடக்கும். வெங்காயக் கமக்காரரை அவர் நேரே சந்திக்க விரும்பினார். கூட்டம் உடுவிலில், வாசிகசாலை மண்டபத்தில். அவருக்குத் தமிழ் தெரியாது. மனேஜர் மொழிபெயர்ப்பார். கதிரை ஒழுங்கு செய்வதும் சோடா கொடுப்பதும் என் வேலை.

"உம்மடை ஊர்தானே, ஆக்களைச் சேர்க்கிறது லேசு" என்றார் மனேஜர். "அந்த மாமியைக் கூப்பிடத் தேவையில்லை."

"ஓம் சேர்" என்றேன்.

பின்னேரங்களில் நான் வீட்டுக்கு நேரே போகாமல் மற்ற ஐந்து தோட்டங்களுக்கும் சைக்கிளில் போனேன். இரண்டு இடத்தில் சேதம் கொஞ்சம். ஓரிடத்தில் ஒன்றுமில்லை, அங்கே அடித்த அன்றே பெரிய இறைப்பு இறைத்து மருந்து கழுவுப்பட்டுப் போயிருந்தது. இரண்டு இடத்தில் மாமியின் தறையைப் போலவே எல்லாம் அவிந்து கிடந்தது. அதில் ஒன்று கொக்குவிலில், மனேஜர் குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்து ஒழுங்கையில். அந்தத் தோட்டக்காரர் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஆர் கலந்ததோ? உங்கடை மனேஜர்தான். தன்ரை கையாலை கலந்தவர். சட்டையிலை படாமல் கையை நீட்டிக்கொண்டு!"

நான் கொப்பியில் எழுதினேன். திகதி போட்டேன். அவரிடம் கையெழுத்து வாங்கினேன். மனேஜர் சொல்லித்தந்தபடி ஒன்றையும் தவறவிடவில்லை.

என் கொப்பி மட்டும் போதாது என்று பட்டது. கொப்பியை நேற்று இருந்து எழுதினேன் என்று அவர் சொல்லலாம். தட்டச்சில் அடித்த அந்த நான்கு பக்கம் வேண்டும். கூட்டத்துக்கு முதல்நாள் மத்தியானம் அக்கா பின் விறாந்தையில் சாப்பாட்டுப் பார்சலை விரித்துக்கொண்டு இருந்தார். நான் பென்சில் டப்பாவுக்குள் கையைவிட்டுத் திறப்பை எடுத்து, லாச்சியைத் திறந்து, அந்த மூன்றாவது பிரதியை எடுத்துச் சேலைக்குள் செருகிக்கொண்டேன். திரும்பவும் பூட்டித் திறப்பைப் போட்டேன். விறாந்தையிலிருந்து அக்கா, "பிள்ளை, முருங்கைக்காய்க் கறி கிடக்கு, வாவன்" என்று கூப்பிட்டார். நான் போய் அவரோடு இருந்து சாப்பிட்டேன். எனக்கு அப்போது வெட்கம் வரவில்லை. என் கண்ணுக்கு ஒரே ஒரு முகம்தான் தெரிந்துகொண்டிருந்தது.

அன்று பின்னேரம் மாமி வீட்டுக்கும் போனேன். அவர் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நாளைக்குக் கூட்டத்துக்கு வாங்கோ மாமி. எனக்காக வரவேண்டாம். உங்கடை தறைக்காக வாங்கோ."

விளக்குமாறு நிற்கவில்லை. நான் திரும்பிவிட்டேன்.

கூட்டத்துக்கு முப்பது முப்பத்தைந்து பேர் வந்தார்கள். பறங்கிக்காரர் காலை ரயிலில் வந்து இறங்கி, தொப்பியும் ஊன்றுகோலுமாக நடந்து வந்தார். மனேஜர் புதுக் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். நான் பின்னால் சோடாப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். கூட்டம் தொடங்கி ஐந்து நிமிடத்தில் மாமி வந்து முன்வரிசையில் இருந்தார். மனேஜர் அவரைக் கண்டார். உடனே என்னைப் பார்த்தார். நான் சோடாப் போத்தல் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கமக்காரர் ஒருவர் எழும்பினார். "ஐயா, உந்த மருந்து அடிச்ச ஒரு கிழமையிலை தாள் எல்லாம் அவிஞ்சு விழுந்திட்டுது. கிழங்கும் பழுதாப் போச்சு."

மனேஜர் புன்னகையோடு பறங்கிக்காரர் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னார்: இலை கொஞ்சம் மஞ்சளாகியிருக்கிறதாம், தானாகத் தேறிவிடுமா என்று கேட்கிறார்.

பறங்கிக்காரர் தலையாட்டி எழுதிக்கொண்டார். இரண்டாவது ஆள் எழும்பினார். அவர் சொன்னதும் அதேபோல் பாதியாகிப் போனது. பிறகு மாமி எழும்பினார். அவ்வளவு ஆண்களுக்கு நடுவே அவர் கதைத்து நான் கண்டதில்லை.

"இரண்டு பரப்பு. விதைக்கு வைச்ச வெங்காயம். ஒண்டும் இல்லை. பிழை ஆரின்ரை எண்டு துரையிட்டைக் கேளுங்கோ."

மனேஜர் ஆங்கிலத்தில் சொன்னார்: இந்த அம்மாவின் தறையில் எங்கள் பயிற்சி மாணவி அளவைத் தவறவிட்டுவிட்டார், அதற்காக வருந்துகிறோம் என்று விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

நான் சோடாப் போத்தலைக் கீழே வைத்தேன்.

"அவ அப்பிடிச் சொல்லேல்லை" என்று முதலில் தமிழில்தான் வாயில் வந்தது. எல்லோரும் திரும்பினார்கள். பிறகு ஆங்கிலத்துக்கு மாறினேன். ஊரிலிருந்த பழைய பெண்கள் கல்லூரியில் பன்னிரண்டு வருடம் படித்த ஆங்கிலம் அது. முதல் வசனம் இடறியது; இரண்டாவதிலிருந்து இடறவில்லை. மாமி சொன்னதைச் சொல்லுக்குச் சொல் மாற்றிச் சொன்னேன். முதலிரண்டு பேர் சொன்னதையும் சொன்னேன். அந்தக் கலவையை நான்தான் அளந்தேன், கடதாசியில் இருந்த அளவு இது, நான் கலந்த அளவு இது என்றேன்.

"இரும் பிள்ளை!" என்றார் மனேஜர். முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது.

பறங்கிக்காரர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். பேசட்டும் என்றார். நான் முன்னால் நடந்துபோய் அந்த நான்கு பக்கத்தையும் அவர் கையில் கொடுத்தேன். பிறகு கொப்பியைத் திறந்து, கொக்குவில் தோட்டக்காரர் கையெழுத்து வைத்த பக்கத்தைக் காட்டினேன். இதைக் கலந்தது யார் என்று பறங்கிக்காரர் கேட்டார். நான் மனேஜரைக் காட்டினேன். அவர் பெயரைச் சொல்லாமல், விரலால் காட்டினேன். வேண்டுமென்றே காட்டினேன்.

பறங்கிக்காரர் நான்கு பக்கத்தையும் அங்கேயே இருந்து வாசித்து முடித்தார். மனேஜர் கழுத்துப்பட்டியின் முடிச்சைத் தளர்த்தினார், திரும்பவும் இறுக்கினார். வியர்வை கன்னத்தால் வழிந்து சட்டைக்குள் இறங்கியது. வீடு எரிந்து கப்பலில் வந்த மனிதர். இரண்டு பிள்ளைகளின் தகப்பன். எனக்கு அதெல்லாம் அந்த நேரத்திலும் ஞாபகம் இருந்தது. இரக்கம் வந்தது என்று எழுதினால் பொய். இன்னும் வியர்க்கட்டும் என்றுதான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பறங்கிக்காரர் எழும்பிப் போய் மாமியின் முன்னால் நின்று, தொப்பியைக் கழற்றி, தறையைப் பார்க்கவேண்டும் என்றார். அதை மொழிபெயர்த்தது நான். எல்லோரும் தோட்டத்துக்கு நடந்தோம். மனேஜர் கடைசியில் வந்தார். அவரோடு யாரும் கதைக்கவில்லை.

அந்த மருந்தைக் கம்பனி திருப்பி எடுத்துக்கொண்டது. கந்தோர் ஆட்கள் மாமிக்கு விதை வெங்காயம் கொண்டுவந்து இறக்கினார்கள். மாமி ஐயாவின் பிடிகளை வேலிப் பொட்டால் திருப்பிக் கொடுத்துவிட்டு, "உன்ரை பெட்டை நல்லாய்த்தான் இங்கிலீசு கதைக்குது" என்று மட்டும் சொன்னார். ஐயா அதை மூன்று நாளாகத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். சோறு ருசித்தது. வாழ்க்கையில் அதைவிட நன்றாகச் சாப்பிட்ட கிழமை ஒன்று எனக்கு ஞாபகமில்லை.

அதற்குப் பிறகு நான் கந்தோருக்குப் போகவில்லை. சான்றிதழும் வரவில்லை. மனேஜர் துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார்: இந்த மாணவி நம்பிக்கைக்குரிய வேலைகளுக்குப் பொருத்தமற்றவர். தலைவர் அதை எனக்குக் காட்டிவிட்டுக் கிழித்துப் போட்டார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

புதுத் தவணை தொடங்கி ஒரு மாதம் சென்றிருக்கும். கடைத்தெருவில் கம்பனி விற்பனைக்காரர் ஒருவரைக் கண்டேன். மனேஜரை யாழ்ப்பாணத்திலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றார். என் முகம் மலர்ந்திருக்கவேண்டும்.

"தண்டனை எண்டு நினைச்சியோ? தலைமையகத்துக்கு. மருந்து விற்கிற பகுதியிலை விடக்கூடாது எண்டு வேறை பகுதியிலை போட்டிருக்கினம். மனிசன் கேட்டது கிடைச்ச சந்தோசத்திலை போனவர்."

சைக்கிள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பாவம், அக்காதான்" என்றார் அவர். "ரைப் அடிச்ச கடதாசியின்ரை கீழை அவவின்ரை எழுத்து ரெண்டும் கிடந்ததாம். கந்தோர்க் கடதாசியை வெளியிலை குடுத்தது அவதான் எண்டு, போறதுக்கு முதல் மனேஜர் அவவை வேலையாலை நிப்பாட்டிப்போட்டார். கொழும்பும் ஓம் எண்டிட்டுது."

தட்டச்சு செய்கிறவர் தன் பெயரின் முதலெழுத்துக்களைக் கடதாசி அடியில் இடுவது வழக்கம். நான் அதை நூறு தடவை பார்த்திருக்கிறேன். அந்தப் பதினொரு நாளில் ஒருமுறைகூட அது என் எண்ணத்தில் வரவில்லை. மனேஜரும் என்னைப் போலவே பழிவாங்கத் தெரிந்தவர் என்பதும் வரவில்லை. என்னைத் தொடமுடியாமல் போனதும், கைக்கு எட்டிய ஆளை அடித்துவிட்டுப் போயிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அரியாலைக்குப் போனேன். அக்கா தாயோடு இருந்தார். அவருடைய சம்பளத்தில்தான் அந்த வீடு நடந்தது. என்னைக் கண்டதும் படலையைத் திறந்தார். கதிரை தந்தார். பிளேன்ரீ ஊற்றித் தந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ என்னட்டைக் கேட்டிருந்தால் தந்திருப்பன்" என்றார் கடைசியில். "நானே கூட்டத்துக்குக் கொண்டுவந்து துரையின்ரை கையிலை குடுத்திருப்பன். வேலை போனாலும் நான் போக்கினதாய் இருந்திருக்கும்."

"எனக்குப் பயம் அக்கா. நீங்கள் மாட்டன் எண்டு சொல்லிப்போடுவியளோ எண்டு…"

"அதுதான். நான் மாட்டன் எண்டு சொல்லக்கூடிய ஆள் எண்டு நினைச்சாய். பிறகு என்னோடை இருந்து சோறும் திண்டாய்."

பிளேன்ரீயைக் குடித்து முடிக்கும்வரை அவர் காத்திருந்தார். பிறகு கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். திரும்பி வரவில்லை. நான் தாயிடம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அக்கா பிறகு பழைய தட்டச்சு இயந்திரம் ஒன்றை எங்கோ தேடி வாங்கி வீட்டிலேயே தொழில் தொடங்கினார். பல்கலைக்கழகத்தில் இறுதிவருட ஆய்வு எழுதுகிறவர்கள் எல்லோரும் அவரிடம்தான் போனார்கள். எழுத்துப் பிழை இருக்காது. சொன்ன நாளில் முடிப்பார். என் முறை எண்பத்தாறில் வந்தது. என் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் ஒன்றாகப் போனோம். எனக்கு உள்ளுக்குள் பயம்தான். ஆனால் இரண்டு வருடம் ஆகிவிட்டது, கூட்டத்தோடு கூட்டமாகக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அவர் நான்கு பேருடைய கடதாசிக் கட்டுகளையும் வாங்கி, பக்கம் எண்ணி, நாள் குறித்துக் கொடுத்தார். என் கட்டை வாங்கினார். முதல் பக்கத்தைப் பார்த்தார். நாடாவால் திரும்பக் கட்டி என் கையில் வைத்தார்.

"உன்ரை எழுத்தை நான் அடிக்கமாட்டன்."

மற்ற நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா அவர்களுக்குக் காரணம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது என் பழைய குணம் உடனே எழும்பியது: இதற்கு என்ன செய்யலாம்? யாரிடம் சொல்லலாம்? ஒழுங்கை முடியும்வரை யோசித்தேன். செய்வதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. அவர் செய்தது நியாயம். நான் செய்ததைப் போலவே பலபேர் முன்னால் செய்தார். ஆனால் இடையில் நின்ற யாருக்கும் அதில் அடி விழவில்லை. பழிவாங்குவதைக்கூட அவர் என்னைவிட ஒழுங்காகச் செய்தார்.

பாடசாலை ஒன்றில் தட்டச்சு இயந்திரம் இரவல் கேட்டு, இரண்டு விரலால் மூன்று கிழமை குத்திக் குத்தி நானே என் ஆய்வை அடித்தேன். பரிசோதகர் எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பித் தந்தார். நிறைய வட்டங்கள். சித்தியடைந்துவிட்டேன்.

மனேஜர் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார் என்று எண்பத்தெட்டில் கேள்விப்பட்டேன். பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்களாம். அதைச் சொன்னவர் நான் சந்தோசப்படுவேன் என்று எதிர்பார்த்தார். நான் கதையை மாற்றினேன். அந்த மனிதரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும்படி அவர் கேட்கவும் இல்லை. அந்த மண்டபமும் அந்தச் சோடாப் பெட்டியும் இன்னொரு முறை கிடைத்தால் இன்னொரு முறையும் போத்தலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போவேன், விரலால் காட்டுவேன். முதல்நாள் மத்தியானம் மட்டும், விறாந்தையில் அக்காவுக்குப் பக்கத்தில் போய் இருந்து, சோற்றில் கை வைப்பதற்கு முன்னால், இதைச் செய்யப்போகிறேன் என்று அவரிடம் சொல்லியிருப்பேன்.